முன்னால் போகிறவள் சாப்பிடக்கூடாது

துய்தாமா,
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஒமைராவுக்கு,

நெல்சி எழுதிக்கொள்வது. நீயும் யோலிமாவும் சுகமாக இருக்க வேண்டும். சாந்தியாகோவில் இந்த மாதம் குளிர் கடுமை என்கிறார்கள். இடுப்பில் தகடு வைத்தவர்களுக்குக் குளிர் ஆகாது, கம்பளி சுற்றாமல் வாசல் பக்கம்கூட வராதே. இங்கே நான், லிகியா, இஸாவ்ரோ அண்ணன் மூன்று பேரும் சுகம். மூன்று பேரில் ஒருத்தி இன்னொருத்தியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது ஒன்றுதான் குறை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாய் ஓயாதவள் பேனா பிடித்திருக்கிறாளே என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு தடவை போனில் குரல் பதிவு செய்தேன், நான்கையும் அழித்துவிட்டேன். கூப்பிட்டே சொல்லிவிடலாம் என்றால், எடுத்ததும் நீ, "என்னடி நெல்சி, இன்னைக்கு யாரு தலையக் கொதறுன?" என்று கேட்பாய். நானும் சிரித்துவிடுவேன். சிரித்த பிறகு இதைச் சொல்ல வராது. இரண்டு வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. இஸாவ்ரோ அண்ணனின் தங்கை மகள் வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன். விமானம் ஏறிவிட்டால் பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாதே.

முதலில் யோலிமா விஷயம். போன மாதம் என்னைக் கூப்பிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, ஞானத்தாயிடம் சொல்லாமல் பிள்ளை வேறு யாரிடம் சொல்லும்? உங்கள் தெருமுனை மழலையர் பள்ளியில் வேன் ஓட்ட ஆள் தேடினார்களாம். அந்தத் தலைமையாசிரியை வீடு தேடி வந்து கேட்டும் நீ முடியாது என்றாயாம். அதோடு, தெருவைக் கடக்கும்போது மகள் கையைப் பிடித்துக்கொள்கிறாயாம். "சித்தி, அம்மாவுக்கு அம்பத்து மூணுதான் ஆகுது. கண்ணு டாக்டருங்க பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. ஆனா அம்மா கேக்க மாட்டேங்குது. அம்மாம் பெரிய பள்ளமே தெரியாதவளுக்குக் குறுக்க ஓடற பிள்ளை தெரியுமான்னு கேக்குது" என்று சொல்லி அழுதாள்.

பதினோரு வருடம் துய்தாமாவின் பாதிப் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் பள்ளிக்கூடம் கொண்டு சேர்த்தவள் நீ. நான் போனை வைத்துவிட்டு, ஒரு அம்மாளைப் பாதி முடி வெட்டிய தலையோடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் போய் நின்றேன். அந்த அம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒமைரா, உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இந்தச் சனி ஞாயிறை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்கு அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வருடா வருடம் போகிற அதே சைக்கிள் சவாரிதான். சனிக்கிழமை இங்கிருந்து சொவாத்தா, ஞாயிறு திரும்பல், இரண்டு நாளும் சேர்ந்து இருநூறு கிலோமீட்டர். நூற்றெண்பது பேர் வந்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குச் சதுக்கத்தில் குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் புகை. லிகியா அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை முதுகில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தப் பையிலிருந்து ஓய்வு பெறமாட்டாள் போலிருக்கிறது. இஸாவ்ரோ அண்ணனுக்குத் தொப்பை இன்னும் இரண்டு விரல் கூடியிருக்கிறது. கேட்டால், "இது தொப்பை இல்ல அம்மணி, எறக்கத்துல வேகம் குடுக்கற எஞ்சின்" என்கிறார். போன வருடம் நான் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை அல்லவா? காய்ச்சல் ஒன்றும் இல்லை. அதையும் இத்தோடு சொல்லிவிடுகிறேன்.

எப்போதும் போல நான்கு பெயர் கொடுத்திருந்தோம். நீ போன பிறகும் நான்காகத்தான் கொடுக்கிறோம், உன்னிடம் சொன்னதில்லை. வழியில் ஊர் ஊராக முத்திரை வாங்க வேண்டிய உன் அட்டை லிகியாவிடம் இருந்தது. செரின்சாவில் முத்திரை மேசைக்கு வந்ததும் இரண்டு அட்டையை நீட்டினாள். மேசையில் இருந்த ஆள், இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டார். "பின்னால வர்றா." எவ்வளவு பின்னால் என்றார். "சிலியில இருக்கா." வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, ஆளில்லாம முத்திரை கெடையாது. எங்கப்பனே வந்தாலும் கெடையாது" என்று சொல்லிவிட்டார். லிகியா விடுவாளா, கால் மணி நேரம் சண்டை போட்டாள். பெலேனில் மறுபடி நீட்டினாள். அங்கேயும் நடக்கவில்லை.

பெலேனில் ஆளுக்கு இரண்டு பாலாடைக்கட்டி அடை தின்று, சூடான பானகம் குடித்துவிட்டு ஏறினோம். குவாந்திவா மேட்டில் பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. உச்சியில் லிகியா, இறக்கத்துக் குளிர்காற்று தாக்காமல் இருக்க, எங்கள் மூவருக்கும் மார்பில் செய்தித்தாளைச் செருகிவிட்டாள். இறக்கத்துக்கு இஸாவ்ரோ அண்ணன் முன்னால், அடுத்து நான், கடைசியில் லிகியா.

உனக்குத் தெரியாத விதி ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கிறது. காற்றைத் தாங்க ஐந்து கிலோமீட்டருக்கு ஒருவர் முன்னால். பின்னால் வருகிறவள் முன்சக்கரத்துக்கும் அவர் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண். அதனால் பாதையைப் பார்க்கிற வேலை முன்னால் போகிறவருடையது. பள்ளம் வந்தால் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும், "பள்ளம்!" என்று கத்த வேண்டும். இன்னொரு விதி நீ போட்டது. முன்னால் போகிறவள் சாப்பிடக்கூடாது, பசித்தால் வரிசையின் கடைசிக்கு வந்து தின்ன வேண்டும். "வாயில அல்வாவும் கையில இலையுமா போனா, பள்ளத்த ஒம் மாமனாரா வந்து காட்டுவாரு?" என்று கேட்பாய். என்னைப் பார்த்துத்தான் கேட்பாய், ஏனென்றால் கூட்டத்தில் தின்னிப்பண்டாரம் நான் ஒருத்திதான்.

சுசாக்கோனுக்கு இறங்குகிற வழியில் மாதா சிலை வைத்த கெபி இருக்கிறதே, அந்த வளைவு வந்தது. நான் "நில்லுங்க!" என்று கத்தினேன். பஞ்சர் என்று நினைத்து இருவரும் ஓரங்கட்டினார்கள். நான் இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். நீ விழுந்த அந்தப் பள்ளத்தை இடையில் ஒருமுறை அடைத்திருக்கிறார்கள், மழையில் மறுபடி வாய் திறந்துவிட்டது. அதே இடம், அதே அளவு.

"அண்ணே, ஒரு ஒதவி. கொஞ்சம் மேல போய், அங்கிருந்து மெதுவா இந்தப் பள்ளத்தப் பாத்து வாங்க. கை காட்டாதீங்க, கத்தாதீங்க. கிட்ட வந்ததும் சட்டுனு ஒதுங்குங்க. நான் ஒங்க சக்கரத்த ஒட்டி வர்றேன்" என்று சொன்னேன். "மேல காத்து கம்மி, மூளைக்குப் பத்தல" என்று லிகியாவைப் பார்த்துச் சொன்னார் அண்ணன். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தார். நடை வேகத்தில்தான் வந்தோம். அவர் முதுகு தெரிந்தது, சீட்டு தெரிந்தது, டயரில் நான்கு விரல் அகலம் தெரிந்தது. சாலை தெரியவில்லை. அவர் ஒதுங்கியபோது பள்ளம் என் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. காலை ஊன்றித்தான் தப்பித்தேன். பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே, நடை வேகத்தில் வந்த எனக்கே அந்தக் கதி. நீ ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், எதுவும் தெரியாமல் வந்தாய்.

லிகியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்குத்தான கை காட்டுறது? அன்னிக்கு நீ காட்டத்தான செஞ்சே" என்றாள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "காட்டினேல்ல, நெல்சி?"

காட்டவில்லை, ஒமைரா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு என் ஐந்து கிலோமீட்டர் மேலேயே முடிந்துவிட்டது. "மாறுடி, என் மொறை" என்று நீ இரண்டு தடவை கத்தினாய். காற்றில் கேட்காத மாதிரி நடித்தேன். எனக்கு முன்னால் சொகாமோசோக்காரர்கள் நான்கு பேர் போவது தெரிந்தது. பெலேனில் நம்மை "சமையக்கட்டு அணி" என்று கேலி செய்தவர்கள். இறக்கத்தில் நான்தான் அவர்களைப் பிடித்தேன் என்று பேர் வாங்க வேண்டும் எனக்கு. இதற்கு நடுவில் பசி. வலது கையைப் பின்னால் விட்டு முதுகுப் பையிலிருந்து கொய்யா அல்வாவை எடுத்து, இலையைப் பல்லால் உரித்து, முழுசாக வாயில் போட்டேன். இலை கையில் இருந்தது. கெபியைத் தாண்டியதும் பள்ளம். இடது கை பிரேக்கில், வலது கையில் இலை, வாய் நிறைய அல்வா. நான் ஒடித்துத் திருப்பிக்கொண்டேன். பின்னால் சத்தம் கேட்டது.

நீ தரையில் கிடந்தாய். லிகியா உன் காலைப் பிடித்துக்கொண்டே தலை நிமிராமல், "கை காட்டினியா?" என்று கேட்டாள். வாயில் இருந்ததை இன்னும் விழுங்கவில்லை, அதனால் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அப்போது நீ, அத்தனை வலியிலும், "அவ காட்டியிருப்பா லிகியா, நான்தான் பாக்கல" என்றாய்.

விழுங்கின பிறகாவது சொல்லியிருக்கலாம். ஆம்புலன்ஸில் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், உன் தலைமுடியைக் கழுவிப் பின்னிவிட்டேன், சொல்லவில்லை. வேன் சாவியைப் பள்ளியில் ஒப்படைக்கச் சொல்லி நீ என் கையில்தான் கொடுத்தாய். அதில் நீ கட்டிய சிவப்பு நூல்கூட அப்படியே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் மறைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயம். இனி வரிசையில் என்னை முன்னால் விடமாட்டார்களே என்று அதைவிடக் கேவலமான ஒரு பயம். அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

இஸாவ்ரோ அண்ணன் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்கு மொத நாள் அந்தப் பொண்ணோட பிரேக்க மாத்துனவன் நான் அம்மணி. ரெண்டு வருஷமா அந்த வண்டியக் கழட்டிக் கழட்டிப் பாக்கறேன், எங்க தப்பு விட்டேன்னு" என்று சொன்னார். எனக்கு இது தெரியாது, ஒமைரா. உன் சைக்கிளைத் துடைக்கத்தான் மாதம் ஒருமுறை எடுத்துப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

லிகியா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கண்ணு டாக்டர்கிட்ட அவளக் கூட்டிட்டுப் போனமே, துஞ்சாவுக்கு. பஸ்ஸுல அவளால உக்கார முடியல. நின்னுகிட்டே வந்தா. நீ ஜன்னலோரமா உக்காந்து வந்தே" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு சொவாத்தா வரைக்கும் பேச்சில்லை. அங்கே முத்திரை வாங்கும்போது இருவருக்கும் நடுவில் அண்ணனை நிற்க வைத்தாள். விடுதியில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்காரி அறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு திரும்பல். சுசாக்கோன் தாண்டியதும் ஏற்றம், முகத்தில் அறைகிற காற்று. முந்தின நாள் நான் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை, பாதி ஏற்றத்தில் இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. இறங்கி நின்றுவிட்டேன். அண்ணனிடம் நீங்கள் போங்கள், நான் ஏதாவது உருளைக்கிழங்கு லாரியில் ஏறி வருகிறேன் என்று சொன்னேன். எனக்கு அதுதான் சரி என்றும் தோன்றியது. அவர் லிகியாவைப் பார்த்தார். லிகியா ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள், என் தொடை இரண்டையும் வலிக்க வலிக்கத் தேய்த்துவிட்டாள், பையிலிருந்து ஒரு உப்பு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு போய் எனக்கு முன்னால் நின்றாள். நான் ஏறுகிற வரைக்கும் நின்றாள்.

ஐந்து கிலோமீட்டர் முடிந்தது, மாறவில்லை. பத்து முடிந்தது. அண்ணன் முன்னால் வரப் பார்த்தார், விடவில்லை. இருபத்திரண்டு கிலோமீட்டர் அந்தக் காற்றை அவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டாள். என்னோடு பேசமாட்டாள் அல்லவா, அதனால் "பள்ளம்" என்று கத்தவில்லை. ஆனால் கை இறங்கிக்கொண்டே இருந்தது. பள்ளத்துக்குக் காட்டினாள், ஜல்லிக்குக் காட்டினாள், தார் பெயர்ந்த இடத்துக்குக் காட்டினாள், மாட்டுச் சாணிக்குக்கூடக் காட்டினாள். திரும்பியே பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டே மிதித்தேன், ஒமைரா. அவ்வளவு கோபத்திலும் ஒரு கை அதைச் செய்ய முடிகிறது. நான் ஒரு துண்டு அல்வாவுக்காகச் செய்யாமல் விட்டேன்.

சதுக்கத்தில் கடைசி முத்திரை வாங்கிக்கொண்டு, என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனாள். நேற்றுக் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. உன் அட்டையைக் கண்ணாடி முன்னால் வைத்தாள். "கடுதாசியோட இதையும் வையி. நீ எழுதலேன்னா நான் எழுதுவேன்" என்று சொன்னாள். இரண்டே வாக்கியம். ஆனால் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள், அறையவில்லை. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அட்டை இந்த உறைக்குள் இருக்கிறது. உன் பெயரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இரண்டு மேசையில் கேட்டும் யாரும் முத்திரை போடவில்லை. ஆளில்லாமல் கிடையாதாம். உறையோடு வருகிற பையில் இருக்கிற பேரீச்சம்பழம் லிகியா சொவாத்தாவில் வாங்கியது. பிரேக் கம்பி இரண்டு அண்ணன் தந்தது, எதற்கென்று கேட்டேன், அவளுக்குத் தெரியும் என்றார். கொய்யா அல்வா வைக்கவில்லை. இரண்டு வருடமாக நான் அதை வாங்குவதில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்காவிட்டால் மறுபடி கேட்டு வர மாட்டேன், அது உன் உரிமை. உன் சைக்கிள் என் கடையின் பின்னறையில் மாட்டியிருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கட்டும் என்றால் சொல், அண்ணன் கொண்டுபோவார். எங்களோடு மறுபடி ஓட்ட வா என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் கோட்டை மாட்டிக்கொள். யோலிமாவை வீட்டிலேயே இருக்கச் சொல். தனியாகத் தெருவைக் கடந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போ, வேன் சாவியைக் கேள். வேலைக்கு வேறு ஆள் வந்திருந்தால் சும்மாவாவது அந்தத் தெருவைக் கடந்து திரும்பி வா. வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே போ, நன்றாக வாய்விட்டுத் திட்டு, அந்த ஊர்க்காரர்களுக்குப் புரிந்தாலும் பரவாயில்லை. உன் கண்ணில் குறை இல்லை, ஒமைரா. உனக்கு முன்னால் போனவள் கையில்தான் இருந்தது.

யோலிமாவுக்கு என் ஆசி. மாதா உன் இடுப்பையும் உன் நடையையும் காக்கட்டும். இனி உனக்கு முன்னால் போகிறவர்கள் எல்லோரும் கை காட்டுகிறவர்களாக இருக்கட்டும்.

உன் நெல்சி என்று எழுதத்தான் ஆசை. நீ எழுதச் சொல்கிற வரைக்கும்,

நெல்சி